தஞ்சோங் ரம்புத்தான் பஸ்

ஈப்போவைச் சுற்றி எத்தனையோ ஊர்களுக்குப் பஸ்கள் ஓடுகின்றன. கோப்பேங் பஸ் என்றாலோ கோலக்கங்சார் பஸ் என்றாலோ யாரும் சிரிப்பதில்லை. தஞ்சோங் ரம்புத்தான் பஸ் என்றால் மட்டும் பக்கத்தில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடும். "உன்னை அந்தப் பஸ்ஸில்தான் ஏற்றிவிட வேண்டும்" என்று பள்ளித் திடலில் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. லயத்து வாசலில் பெரியவர்கள் பேசியதைத்தான் அவர்கள் பேசுகிறார்கள்.

அந்தப் பஸ் எந்த வழியாகப் போகிறது, அதில் யார் யார் போகிறார்கள் என்று ஒருமுறை பார்த்து வருவோமே!

புறப்படும் இடம் மேடான் கிட். 1917-இல் கட்டி முடிக்கப்பட்ட, வெள்ளை மாளிகை போன்ற ஈப்போ இரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். வெளியூர் எக்ஸ்பிரஸ் பஸ்கள் இப்போது இங்கே வருவதில்லை. அவை மேரு ராயாவிலுள்ள அமான்ஜெயா நிலையத்திற்குப் போய்விட்டன. ஆகவே தூரத்திலிருந்து வருகிறவர்கள் அங்கே இறங்கி, ஒரு பஸ் பிடித்து மேடான் கிட் வந்து, மறுபடியும் ஒரு பஸ் ஏற வேண்டும். கையில் பையும் தூக்குச்சட்டியுமாக வருகிற வயதானவர்களுக்கு இது சின்ன வேலையன்று.

ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் வடகிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர். பழைய கணக்கில் ஒன்பது, பத்து மைல். பழைய பட்டணத்தையும் புதிய பட்டணத்தையும் பிரிக்கும் கிந்தா ஆற்றைத் தாண்டிவிட்டால் கடைவீதிகள் குறைந்து, சுண்ணாம்பு மலைகள் கண்ணில் படத் தொடங்கும். நம்முடைய கல்லுமலைக் கோயிலும் இப்படிப்பட்ட ஒரு மலையின் அடியில்தான் இருக்கிறது. அடுத்து வருவது பெர்ச்சாம் வட்டாரம். 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில், காட்டோரம் சிதறிக் கிடந்த சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி போட்டுக் குடியமர்த்திய புதுக்கிராமங்களுள் இதுவும் ஒன்று. இன்று அந்தக் கம்பிவேலி இல்லை. தாமான்களும் பட்டறைகளும் சாப்பாட்டுக் கடைகளுமாகப் பெருகி நிற்கிறது.

கிந்தா வட்டாரத்தில் எங்கே பார்த்தாலும் குளங்கள். அவை ஈயம் எடுத்த பள்ளங்கள். 1985-இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தபின் ஈயலம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தண்ணீர் மட்டும் மிஞ்சியது. கித்தா மரங்களின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். பால் வெட்டிய பல இடங்களில் இன்று செம்பனையும் வீடமைப்புகளும் இருக்கின்றன. நம்மவர்களும் லயங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.

தஞ்சோங் ரம்புத்தான் ஒரு பழத்தின் பெயரைத் தாங்கிய சிறிய பட்டணம். கிந்தா ஆற்றின் மேற்பகுதியில் இருப்பதால் இந்த வட்டாரத்திற்கு உலு கிந்தா என்று பெயர். கடைத்தெரு இருக்கிறது, இரயில் பாதை இருக்கிறது, நம் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சங்காட் கிண்டிங் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் இந்த வட்டாரத்தைச் சேர்ந்ததே. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் வேலைக்கு மனுப் போடும்போதும், பெண் பார்க்கப் போகும்போதும் தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லத்தானே வேண்டும்? நம்முடைய கேலி முதலில் அவர்களைத்தான் சுடுகிறது.

இந்த ஊருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த மருத்துவமனை, வெள்ளைக்காரர் ஆட்சியில் 1911-இல் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் அங்கே இருந்தார்கள். ஒரு நல்ல தோட்டத்தின் ஜனத்தொகையைவிட அதிகம்! கடல் தாண்டி வந்து, உறவென்று சொல்ல யாருமில்லாமல் மனம் முறிந்த தொழிலாளர்களுக்கும் அதுவே கடைசிப் புகலிடமாக இருந்தது. 1950-களில் குளோர்புரோமசின் என்னும் மருந்து வந்த பிறகுதான், பூட்டி வைப்பதே வழி என்ற நிலைமை உலகமெங்கும் மாறத் தொடங்கியது. 1971-இல் இந்த மருத்துவமனைக்கு 'பஹாகியா' என்று பெயர் மாற்றினார்கள். மலாயில் அதற்கு மகிழ்ச்சி என்று பொருள். அரசாங்கம் பெயரை மாற்றிவிட்டது. நாம்தான் இன்னும் பழைய ஏச்சை விடவில்லை.

பஸ்ஸில் யார் போகிறார்கள்? பாசாரில் காய்கறி வாங்கிய அம்மாக்கள், பள்ளி விட்டு வரும் மாணவர்கள், தொழிற்சாலை வேலை முடித்த பங்களாதேசத்து, நேப்பாளத்து இளைஞர்கள். ஒருநாள் என் பக்கத்தில் ஓர் அம்மா தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார். "எங்கேம்மா போறீங்க?" என்று கேட்டேன். "சொந்தக்காரங்க வீட்டுக்கு, சார்" என்று சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மருத்துவமனைக்கு அருகில் பஸ் நின்றதும் இறங்கி, அந்த வாசலை நோக்கி நடந்தார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. உள்ளே இருப்பது மகனோ தம்பியோ, சொந்தம்தானே! ஆனால் நெஞ்சுவலிக்காரரைப் பார்க்கப் போகிறவர் இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார். அந்த அம்மாவுக்கு வாயடைத்தது யார்? சிரித்துப் பழகிய நாம்தான்.

இந்த வெட்கத்துக்கு விலை உண்டு. வீட்டில் ஒருவர் இரவெல்லாம் தூங்காமல் இருக்கிறார். யாரோ பேசுவது காதில் கேட்பதாகச் சொல்கிறார். வேலைக்குப் போகாமல் மூலையில் சுருண்டு கிடக்கிறார். உடனே நாம் என்ன செய்கிறோம்? செய்வினை என்கிறோம், தாயத்துக் கட்டுகிறோம், மாதக்கணக்கில் மறைத்து வைக்கிறோம். சாமி கும்பிடுவதை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு மருந்துக்கும் போக வேண்டும். நோய் முற்றிய பிறகு போனால் குணமாக நாள் பிடிக்கும்.

மனநோயும் இனிப்புநீர், இரத்த அழுத்தம் போல மருந்தை விடாமல் சாப்பிட வேண்டிய நோய்தான். சிலருக்கு மாதம் ஒருமுறை ஊசி போட்டால் போதும். வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். பஸ் தவறிவிட்டது, கூட்டிப்போக ஆளில்லை என்று ஊசியை விட்டுவிட்டால் நோய் திரும்பிவிடக்கூடும். முதன்முதலில் காட்டுவதற்கு நேரே தஞ்சோங் ரம்புத்தான் போக வேண்டுமென்பதும் இல்லை. பக்கத்திலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் காட்டினால் போதும். தேவையென்றால் அவர்களே கடிதம் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே போய்விட்டால் ஆயுள் முழுக்க அடைத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். 2001-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 2010 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவர் தாமாகவே போய்ச் சேர்ந்து சிகிச்சை பெறவும் அதில் வழியுண்டு.

பெற்றோர்களே, இனி உங்கள் பிள்ளைகள் அந்தப் பஸ்ஸின் பெயரைச் சொல்லிச் சிரித்தால், அது போகும் வழியை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆறு, மலை, ஈயக்குளம், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று வரிசையாகச் சொல்லுங்கள். உங்கள் லயத்திலோ தாமானிலோ யாராவது மாதாமாதம் அந்தப் பஸ்ஸுக்குத் தனியாகப் போய் வந்தால், ஒரு மாதம் நீங்களும் கூடப் போய் வாருங்கள்.