அப்பா கேசட்

எண்பதுகளில் எங்கள் பேட்டை ரெக்கார்டிங் சென்டரில், வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு நாலு நாள் காத்திருக்க வேண்டும். நான் கொடுத்தது கல்லூரித் தோழன் ஒருவன் போட்டுத் தந்த பட்டியல். ஸ்வீடன் நாட்டுக் குழு ஒன்றின் பதினைந்து பாட்டுகள், அறுபது நிமிஷக் கேசட்டில். வாங்கப் போனபோது கடைக்காரர் லேபிளில் நீல மையால், கொட்டை எழுத்தில், 'அப்பா' என்று எழுதி வைத்திருந்தார்.

வீட்டில் அப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் பேர்ல என்னடா கேசட்டு?"

கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. அக்னெத்தா, பியோர்ன், பென்னி, அன்னி-ஃப்ரிட் என்ற நாலு பேரின் முதலெழுத்துகளைக் கோத்த பெயர் அது. ஆங்கில எழுத்தில் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான், நம் விகடகவி மாதிரி. ஸ்வீடன்காரர்களுக்கோ அந்தப் பெயரில் மீன் வாடை அடித்திருக்கும். அதே பெயரில் அங்கே ஒரு கம்பெனி வெகுகாலமாக ஹெர்ரிங் மீனை ஊறப்போட்டு டப்பாவில் விற்றுக்கொண்டிருந்தது. அவர்களிடம் சம்மதம் கேட்டுத்தான் குழு அந்தப் பெயரை வைத்துக்கொண்டது. நான் இனி 'ஆபா' என்றே எழுதுகிறேன். குழப்பம் வேண்டாம்.

அப்பா ஆபீஸ் கடிதங்களை நல்ல ஆங்கிலத்தில் எழுதுவார். ஆங்கிலப் பேப்பரைத் தலையங்கம் உட்படப் படிப்பார். ஆனால் ஆங்கிலப் படத்துக்குப் போனால் பக்கத்து சீட்டுக்காரர் சிரிக்கும்போது பார்த்துச் சிரிப்பார். ஆங்கிலப் பாட்டு என்றால் ஒரே தீர்ப்பு: "வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டுப் பாடறான்." அந்தக் கேசட் ஓடிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, சவரம் செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுச் சொன்னார், "இது புரியுதேடா."

எனக்கும் புரிந்தது. மற்ற ஆங்கிலப் பாட்டுகளை நாங்களெல்லாம் தாளத்துக்காகக் கேட்டோம், வார்த்தைகள் போன வழி தெரியாது. ஆபா பாட்டில் ஒவ்வொரு சொல்லும் கழுவித் துடைத்து வைத்த டம்ளர்போல இருந்தது. காரணம் எனக்குப் பிடிபடப் பல வருஷம் ஆயிற்று. அவர்களும் நம்மைப் போல ஆங்கிலத்தைப் படித்துக் கற்றவர்கள். தாய்மொழிக்காரனைப்போல மொழியை மென்று விழுங்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. மெய்யெழுத்துகளை அக்கறையாக உச்சரித்தார்கள், தெரிந்த சொற்களைக்கொண்டே எழுதினார்கள்.

அவர்கள் ஆங்கிலத்தில் பாடி ஜெயித்ததே ஒரு சந்தில் நுழைந்து வந்த கதைதான். ஐரோப்பாவின் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் அவரவர் நாட்டு மொழியில்தான் பாட வேண்டும் என்றொரு விதி இருந்தது. 1973-இல் அதைத் தளர்த்தினார்கள், 1977-இல் மறுபடி இறுக்கினார்கள். இடையில் கிடைத்தது நாலே போட்டி. 1973-இல் ஆபா கொண்டுபோன 'ரிங் ரிங்' உள்நாட்டுத் தேர்விலேயே மூன்றாவதாக நின்றுவிட்டது. அடுத்த வருஷம் 'வாட்டர்லூ'. ஸ்வீடனில் ஸ்வீடிஷில் பாடித் தேர்வானதை, 1974 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஆங்கிலத்தில் பாடினார்கள். வாத்தியக் குழுவை நடத்தியவர் நெப்போலியன் வேஷத்தில் வந்தார். முதல் பரிசு. பிரிட்டிஷ் நடுவர்கள் போட்ட மதிப்பெண் பூஜ்யம். அடுத்த மாதமே பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அதே பாட்டு முதலிடத்தில் இருந்தது. அதன்பின் அந்த நாட்டில் இன்னும் எட்டு முதலிடங்கள். நடுவர்களின் காது எந்த ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஆரம்பப் பாட்டுகளின் வரிகளில் மேனேஜர் ஸ்டிக் ஆண்டர்சனுக்குப் பெரும் பங்கு உண்டு. எந்த ஊர்க்காரனுக்கும் மொழிபெயர்க்காமலே விளங்கும் தலைப்புகளாகத் தேடிப் பிடித்தார்கள்: வாட்டர்லூ, மம்மா மியா, எஸ்.ஓ.எஸ்., பெர்னாண்டோ. போதாததற்கு ரிங் ரிங், ஹனி ஹனி, மணி மணி மணி. பள்ளிக்கூடத்தில் அடுக்குத்தொடருக்கு எடுத்துக்காட்டு கேட்டால் பாம்பு பாம்பு, தீ தீ என்று எழுதுவோமே, அதேதான். மொழி சரியாக வராதவன் ஒரு சொல்லை இரண்டு முறை சொல்வான். ஆபா அந்த இயலாமையையே பல்லவியாக்கிக்கொண்டது. பின்னாளில் ஸ்பானிஷ் மொழியில் ஒரு முழு ஆல்பமே பாடினார்கள், அந்த மொழி தெரியாமல், ஒலியைப் பழகிக்கொண்டு. நம் பின்னணிப் பாடகர்களுக்கு இது அன்றாட வேலை என்பதால் நமக்கு ஆச்சரியமாகத் தோன்றாது.

வார்த்தை எளிது, ஆனால் ஒலி எளிதல்ல. மைக்கேல் ட்ரெட்டோவ் என்ற அவர்களுடைய ஒலிப்பதிவாளர் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தார். வாத்தியங்களை ஒரு முறை பதிவுசெய்வார். பிறகு டேப்பின் வேகத்தை மயிரிழை மாற்றிவிட்டு, அதையே மறுபடி வாசிக்கச் சொல்லி மேலே ஏற்றுவார். இரண்டும் சுருதியில் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்க, பத்துப் பேர் வாசிப்பது ஒரு கூட்டமே வாசிப்பதுபோல் கேட்கும். அதன்மேல் இரண்டு பெண்களின் குரல், அடுக்கடுக்காக. எங்கள் ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டரிலேயே அது சுவரை நிறைத்தது. பம்பாயில் ஆர்.டி. பர்மன் இதையெல்லாம் உடனுக்குடன் கேட்டிருக்கிறார். 1977-இல் வந்த 'ஹம் கிஸிஸே கம் நஹீன்' படத்தில் 'மம்மா மியா'வின் மெட்டு இந்தி பேசிக்கொண்டு வந்து நிற்கும்.

சொந்த நாட்டில் அவர்களுக்கு நிம்மதியில்லை. எழுபதுகளின் ஸ்வீடனில் இடதுசாரி இசைக்காரர்கள் இவர்களை வெறும் வியாபாரிகள் என்று ஏசினார்கள். 1975-இல் யூரோவிஷன் போட்டி ஸ்டாக்ஹோமில் நடந்தபோது, எதிர்ப்பாகத் தனி விழாவே எடுத்தார்கள். அவர்கள் மேடையில் அணிந்த மினுமினுக்கும் உடைகளுக்கும் ஒரு வியாபாரக் கணக்கு இருந்தது உண்மைதான். தெருவில் போட்டுக்கொண்டு போக முடியாத உடையென்றால்தான் வரிக்கழிவு கிடைக்கும் என்று பியோர்னே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கு இதில் வருத்தமில்லை. கணக்குப் பார்ப்பவன் கலைஞனாக இருக்கக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

குழுவில் இரண்டு தம்பதிகள். அக்னெத்தாவும் பியோர்னும் ஒரு ஜோடி, பென்னியும் ஃப்ரிடா எனப்பட்ட அன்னி-ஃப்ரிடும் இன்னொன்று. இரண்டும் முறிந்தன. முறிந்த பிறகும் தினம் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். அக்னெத்தாவும் பியோர்னும் பிரிந்த பிறகு பிறந்ததுதான் 1980-இன் 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்'. மெட்டு தயாரானதும் பியோர்ன் வாயில் வந்த போலிப் பிரெஞ்சுச் சத்தங்களைப் போட்டு அதை ஒரு முறை பாடிப் பார்த்தார். பிறகு டேப்பை வீட்டுக்கு எடுத்துப்போய், பிராந்திக் குப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வரிகளை முடித்துவிட்டார். விட்டுப்போன துணையைப் பார்த்து ஒரு பெண் பேசுவதாக அமைந்த வரிகள். எழுதியவர் மாஜி கணவர். பாடக் கொடுத்தது மாஜி மனைவிக்கு. எங்கள் கதை அப்படியே அது இல்லை, எங்கள் பிரிவில் ஜெயித்தவர் யாருமில்லை என்று பியோர்ன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அக்னெத்தா பாடுவதைக் கேட்டவர்கள் அதைக் காதில் வாங்குவதாயில்லை. சீட்டாட்டச் சொற்களும் தீர்ப்புச் சொற்களுமாக, ஒரு குமாஸ்தாவுக்குத் தெரிந்த ஆங்கிலம்தான். தாய்மொழியில் எழுதியிருந்தால் பியோர்னுக்குக் கை நடுங்கியிருக்குமோ என்று நான் நினைப்பதுண்டு. அந்நிய மொழி சில சமயம் கையுறை. சூடான பாத்திரத்தை இறக்க உதவும்.

1982-இல் நிறுத்தினார்கள். கலைத்துவிட்டோம் என்று அறிவிப்பு எதுவும் இல்லை, கடையைச் சாத்திவிட்டு நடந்துவிட்டார்கள். பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். 1992-இல் 'கோல்ட்' தொகுப்பு. 1999-இல், 'வாட்டர்லூ' ஜெயித்த அதே ஏப்ரல் 6 அன்று, லண்டனில் 'மம்மா மியா' நாடகம், 2008-இல் அது படமானது. நிறுத்தி ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து, 2021-இல் ஒரு புது ஆல்பம். மறு வருஷம் லண்டனில் மூவாயிரம் பேர் கொள்ளும் அரங்கு கட்டி, நாலு பேரின் இளமை உருவத்தையும் கணினியில் வார்த்து மேடையேற்றினார்கள். அதற்காக எழுபது வயதை ஒட்டிய நால்வரும் ஐந்து வாரம் 160 கேமராக்களின் முன் ஆடிப் பாடினார்களாம். நான் துண்டுக் காட்சிகள் மட்டும் பார்த்தேன். பிரமிப்பாக இருந்தது, கொஞ்சம் வயிற்றைப் பிசையவும் செய்தது. வயதாவதைத்தான் அவர்கள் கடைசிப் பாட்டுகளில் அவ்வளவு நன்றாகப் பாடினார்கள்.

எச்சம் என்று கேட்டால் நான் வேறொன்றைக் காட்டுவேன். அவர்களுக்குப் பின் ஸ்டாக்ஹோமில் ஒரு தலைமுறையே அமெரிக்கர்களுக்கு ஆங்கிலப் பாட்டு எழுதித் தரக் கிளம்பியது. அதில் முதல் பெயர் மேக்ஸ் மார்ட்டின். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் பாடிய 'ஐ வான்ட் இட் தட் வே' அவரும் ஆண்ட்ரியாஸ் கார்ல்சனும் எழுதியது. அதன் வரிகளுக்குக் கோவையான அர்த்தம் கிடையாது. இது சரியில்லையே என்று அர்த்தமுள்ள வரிகளோடு இன்னொரு வடிவமும் பதிவுசெய்து பார்த்தார்கள். கடைசியில் பாடகர்கள் பழையதே நன்றாக ஒலிக்கிறது என்று அதையே வைத்துக்கொண்டார்கள்.

என் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு 'தி டே பிஃபோர் யூ கேம்'. 1982 ஆகஸ்டில் பதிவானது. பிரிட்டனில் 32-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. கிட்டத்தட்ட ஆறு நிமிஷம், பல்லவி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒரு பெண் தன் ஒரு நாளை ஒப்பிக்கிறாள்: ரயில், பேப்பர், ஆபீஸ் மேஜை, மத்தியானச் சாப்பாடு, திரும்ப ரயில், டிவி, தூக்கம். யாரோ வருவதற்கு முந்தைய நாள் அது. வந்தவர் யார், வந்து என்ன ஆயிற்று, எதுவும் சொல்வதில்லை. அக்னெத்தா கடையில் கணக்கு ஒப்பிப்பதுபோலப் பாட, பின்னால் தூரத்தில் ஃப்ரிடாவின் குரல் ஏறி இறங்கும்.

அப்பாவுக்குத் தாம்பரத்தில் எட்டு மணி வண்டி. முப்பது வருஷமாக அதே வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாய்வு நாற்காலியில் படுத்தபடி அந்தப் பாட்டைக் கடைசிவரை கேட்டார்.

"ஆபீஸ் போறதெல்லாம் பாட்டாடா?"

"அந்த நாள் அவளுக்கு ஞாபகமே இல்லப்பா. இப்படித்தான் நடந்திருக்கும்னு யூகிச்சுச் சொல்றா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "கிளம்பியிருப்பேன்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வண்டி ஏறியிருப்பேன். பேப்பர் படிச்சிருப்பேன். சாப்பிட்டிருப்பேன்." விரலை மடக்கி எண்ணிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்தி, "திருப்பிப் போடு," என்றார்.

டேப்பைப் பின்னால் ஓட்டப் பொத்தானை அழுத்தினேன்.