ஒன்பது வோல்ற்று

மூத்த மாமா மௌத்தாகி இரண்டு வருடங்களுக்குப் பிறகு, அக்குறணை வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கும்போதுதான் அந்தக் கறுப்புப் பெட்டி வெளியே வந்தது. 1984இல் அவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கணினி. இறப்பர் விசைகள். நினைவகம் 48 கிலோபைட். என் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. கூடவே ஒரு கசற். உம்மா எட்டாம் ஆண்டு படிக்கும்போது மாமாவோடு சேர்ந்து எழுதிய கணக்கு விளையாட்டு அதில் இருக்கிறதாம். "தொடக்கத்திலேயே என்ட பெயர் வரும்" என்றார் உம்மா.

ஆனால் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர் துருப்பிடித்துச் செத்திருந்தது.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் ரவுட்டர் அடாப்டர் ஒன்றை எடுத்துத் தந்தார். "9 வோல்ற்றுதானே மகள், எல்லாம் ஒண்டுதான்." முனையும் சரியாகப் பொருந்தியது. வீட்டுக்கு வந்து செருகப் போன நேரம், பழைய அடாப்டரில் இருந்த சின்னப் படம் கண்ணில் பட்டது. நடுப்புள்ளியில் சய அடையாளம். புதியதில் அதே இடத்தில் சக அடையாளம்!

மறுநாள் இரண்டையும் பாடசாலைக்குக் கொண்டுபோனேன். (மின்னியல் அலகில் நான் எடுத்த புள்ளியை இங்கே சொல்ல மாட்டேன்.) பௌதிகவியல் ரீச்சர் பார்த்த உடனேயே, "நல்ல காலம் செருகாமல் விட்டது" என்றார். இன்று கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுமுனை நேர். ஸ்பெக்ட்ரமுக்கோ நடுமுனை மறை. மாற்றிக் கொடுத்தால் உள்ளேயுள்ள திரான்சிஸ்டரும் நினைவகச் சில்லுகளும் எரிந்துபோகலாம். இன்னொரு குறையும் இருந்தது. பழையதில் 1.4 அம்பியர் என்று எழுதியிருந்தது; ரவுட்டருடையது 0.6 மட்டும். வோல்ற்றளவு ஒத்திருக்க வேண்டும்; அம்பியர் கூடியிருந்தால் பாதகமில்லை, கணினி தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். குறைந்தால்தான் அடாப்டர் சூடாகித் திணறும்.

9 வோல்ற்று, 2 அம்பியர் அடாப்டர் ஒன்று வாங்கினோம். வயரை வெட்டி, இரண்டு இழைகளையும் இடம்மாற்றி, ஈயம் வைத்து ஒட்டினோம். மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தபோது எண்ணுக்கு முன்னால் சய அடையாளம் விழுந்தது. எனக்கு அது போதவில்லை. மூன்று தடவை பார்த்தேன்.

அந்தக் கணினிக்குச் சுவிட்ச் கிடையாது. செருகினால் வேலை செய்யும், அவ்வளவுதான். உம்மா பிஸ்மி சொல்லிச் செருகினார். பழைய தொலைக்காட்சியின் திரை கறுத்தது, பிறகு வெளுத்தது. அடியில் ஒரே ஒரு வரி: 1982 சின்க்ளேர் ரிசர்ச் லிமிட்டெட்.

உம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு எழுந்துபோய், கசற் பிளேயர் யாரிடம் இருக்கும் என்று கேட்க மாமிக்குக் கோல் எடுத்தார்.