எல்லைப்புறத்துப் படக் கார்டுகள்

வெளியூர் சென்றவர்கள் வீட்டிலுள்ளோருக்குப் படம் போட்ட தபால் கார்டு ஒன்று அனுப்பும் வழக்கம் நம்மில் பல குடும்பங்களுக்குத் தெரிந்ததே. ஒரு பக்கத்தில் கோபுரமோ கடற்கரையோ. மறு பக்கத்தில் க்ஷேம சமாசாரமாக இரண்டு வரி. படித்ததும் அதை அலமாரிக் கண்ணாடியில் செருகிவிட்டு மறந்து போகிறோம். அத்தகைய கார்டுகளைச் சேகரித்து வருஷ வாரியாக அடுக்கினால் அவை ஓர் ஊரின் சரித்திரமாகிவிடும் என்பதை டேனியல் அரியோலா என்ற அமெரிக்கப் பூகோளப் பேராசிரியர் காட்டியிருக்கிறார். அமெரிக்க ஐக்கிய நாடுகளும் மெக்ஸிகோவும் சந்திக்கும் எல்லை நகரங்களைப் பற்றி, பழைய கார்டுகளையே ஆதாரமாகக் கொண்டு, 2013 முதல் 2021 வரை நான்கு நூல்கள் வெளியிட்டார். அவ்விதக் கார்டுகளைத் துணையாகக் கொண்டு நாமும் அந்த எல்லையோரமாக ஒரு முறை போய் வருவோம்.

எல்லையின் நீளம் சுமார் 1,950 மைல். கிழக்கே ரியோ கிராண்டே நதிதான் எல்லை. எல் பாஸோ நகரத்துக்கு மேற்கே நதி விலகிவிடுகிறது. அங்கிருந்து கடல் வரையில் பெரும்பாலும் பாலைவனத்தின் குறுக்கே இழுத்த கோடுதான். 1846-ல் மூண்ட யுத்தத்தில் மெக்ஸிகோ தோற்றது. 1848 உடன்படிக்கையினால் அது இழந்த பூமியையும், முன்னமே கைவிட்டுப் போன டெக்ஸாஸையும் சேர்த்தால், ஏறக்குறைய தேசத்தில் பாதி. வீட்டில் பாதியைப் பறிகொடுத்தவன், பறித்தவனுடைய திண்ணையை ஒட்டியே குடியிருப்பது எப்படி என்பதை நம் நேயர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை.

இங்கே கார்டுகள் பெருகியதற்குக் காரணம் உண்டு. 1903-ல் கோடக் கம்பெனியார் தபால் கார்டு அளவிலேயே படம் பிடிக்கும் காமெரா ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பின்புறத்தில் விலாசத்துக்கு இடம் அச்சிட்ட போட்டோக் காகிதமும் கிடைத்தது. ஆகவே அச்சுக்கூடம் இல்லாத சிற்றூர்ப் போட்டோக்காரரும் கார்டு தயாரிக்கலானார். தேதி குறிக்காத கார்டின் வயதை அறிய ஓர் உபாயம் இருக்கிறது. ஏஸோ என்ற காகிதத்தில், ஸ்டாம்பு ஒட்டும் கட்டத்தின் நான்கு மூலைகளிலும் சிறு முக்கோணங்கள் இருக்கும். நான்கும் மேல்நோக்கியிருந்தால் கார்டு 1918-க்கு முந்தியது; இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் பிந்தியது என்று சேகரிப்பவர்கள் கணக்கிடுகிறார்கள்.

முதலில் எல் பாஸோவுக்கும் அதன் எதிர்க்கரையிலுள்ள ஹுவாரெஸுக்கும் போவோம். 1909 அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி டாஃப்டும் மெக்ஸிகோ ஜனாதிபதி போர்ஃபிரியோ டியாஸும் இவ்விரு ஊர்களிலும் சந்தித்துக் கை குலுக்கினர். ஹுவாரெஸ் சுங்க மாளிகை அன்று ராஜ தர்பார் போல் அலங்கரிக்கப்பட்டது. பத்தொன்பது மாதம் கழித்து, 1911 மே மாதம், புரட்சிப் படையினர் அதே ஊரைப் போரிட்டுப் பிடித்தார்கள்; அம்மாதமே டியாஸ் பதவி துறந்தார். சண்டை நடந்தபோது எல் பாஸோ ஜனங்கள் மொட்டை மாடிகளிலும் ரயில் வண்டிகளின் மேலும் ஏறி நின்று வேடிக்கை பார்த்தனர். தவறி வந்த குண்டுகளுக்கு அவர்களில் சிலர் இரையாயினர்.

அந்த வேடிக்கையை வியாபாரமாக்கியவர் வால்டர் ஹார்ன் என்பவர். க்ஷயரோகத்துக்கு வறண்ட காற்று நல்லது என்று 1910-ல் எல் பாஸோவுக்கு வந்தவர், போட்டோக் கார்டுத் தொழிலில் இறங்கி, மெக்ஸிகோ யுத்தப் படங்களுக்கென்றே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். 1916 ஜனவரியில் ஹுவாரெஸில் மூவரை நிறுத்திச் சுட்டுக் கொன்ற காட்சியை வரிசையாகக் கார்டுகளில் அச்சிட்டு விற்றார். அவை நன்றாகவே விலை போயின. அவ்வருஷம் மார்ச் 9-ந் தேதி பாஞ்சோ வில்லாவின் ஆட்கள் எல்லை தாண்டிக் கொலம்பஸ் என்ற சிற்றூரைத் தாக்கவே, ஜெனரல் பெர்ஷிங்கின் சேனை மெக்ஸிகோவுக்குள் நுழைந்தது. ஏறக்குறைய பதினோரு மாதம் தேடியும் வில்லா அகப்படவில்லை. இதற்கிடையில் எல்லை நெடுகக் காவலுக்கு வந்து குவிந்த சிப்பாய்கள் ஒரு லட்சத்துக்கு மேல். சண்டையில்லாத பாளையத்தில் பொழுது போகாத அந்த வாலிபர்கள் ஊருக்கு எழுத வேண்டுமே! ஹார்னின் கார்டுகள் தினம் ஆயிரக்கணக்கில் தயாராயின. மெக்ஸிகோவைக் கண்ணாலும் கண்டறியாத எத்தனையோ தாய்மார்களுக்கு, அந்தத் தேசம் என்றால் சுவரோரம் நின்ற மூவர்தாம். அக்கார்டைக் கிழித்தெறிய வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. கிழித்துவிட்டாலோ, அம்மூவர் இருந்ததற்கான சாட்சியங்களில் ஒன்று போய்விடும்.

நம் நாட்டிலும் வெள்ளைக்காரர் காலத்தில் சென்னையிலும் பம்பாயிலும் அச்சான கார்டுகளில் பாம்பாட்டியும் பக்கிரியும் நாவிதரும் நிறைய அகப்படுவார்கள். பள்ளிக்கூட உபாத்தியாயர் அகப்படுவது அருமை.

மேற்கே நொகாலெஸ். இரு தேசத்திலும் அதே பெயரில் இரண்டு ஊர்கள். நடுவே ஒரு தெரு. ஆதியில் எல்லைத் தூணை உரசிக் கொண்டே ஒரு சாராயக் கடை இருந்தது. கள்ளக் கடத்தல் வளரவே, 1897-ல் ஜனாதிபதி மக்கின்லி தம் பக்கத்தில் அறுபது அடி அகலத்துக்குக் கட்டடமே கூடாதென்று ஒதுக்கினார். இதற்குப் பிந்திய கார்டுகளில் அத்தெரு அகன்ற மைதானம்போல் கிடக்கிறது. 1918 ஆகஸ்டு 27-ந் தேதி, எல்லையைக் கடந்த ஒருவரை நிறுத்தச் சொன்னதிலிருந்து துப்பாக்கிச் சண்டை மூண்டது. கைத்தடியில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, சண்டையை நிறுத்த வந்த மெக்ஸிகோ பக்கத்து நகரத் தலைவர் ஃபெலிக்ஸ் பெனலோஸா சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகே நிரந்தர வேலி எழுந்தது. அடுத்த வருஷங்களின் கார்டுகளில் கம்பி வேலி, காவல் வாசல் எல்லாம் வந்துவிடுகின்றன. 2011 முதல் அங்கே நிற்பது உயர்ந்த இரும்புக் கம்பங்களின் வரிசை.

மெக்ஸிகோக்காரரும் சும்மா இருக்கவில்லை. தலைநகரிலிருந்து 'மெக்ஸிகோ ஃபோட்டோகிராஃபிகோ' என்ற கம்பெனியார் ஊர் ஊராய் ஆளனுப்பிப் படமெடுத்தனர். கார்டின் மூலையில் எம்.எஃப். என்ற எழுத்துக்களைக் கண்டால் சற்று நின்று பார்க்கலாம். ஊர்ச் சதுக்கம், வாத்தியக் கோஷ்டிக்கான மண்டபம், மாதா கோவில், கடைத்தெரு என்று குடியிருப்பவர்கள் தங்கள் ஊரில் எவற்றைக் காட்ட விரும்பினார்களோ அவை அங்கே இருக்கும்.

கடைசியாகத் திஹுவானா. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. தாகமெடுத்தவர்கள் வாரந்தோறும் எல்லை தாண்டினர். மதுவிலக்குக்குப் பாடுபட்ட பெரியோர்களைப் போற்றும் நமக்கு இந்த அத்தியாயம் சங்கடமானதுதான். உலகிலேயே நீளமானதென்று விளம்பரம் செய்த மதுக்கடை மேஜையின் கார்டு ஏராளமாய் விற்றது. 1928-ல் ஆகுவா காலியெண்டே என்ற சூதாட்ட மாளிகை திறந்தது. 1935-ல் ஜனாதிபதி கார்டெனாஸ் சூதாட்டத்தைத் தடுக்கவே, அது மூடப்பட்டது. பிற்பாடு அவ்விடத்தில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். தெருவிலோ ஒரு விசித்திரம். வண்டி பூட்டிய கழுதைமேல் யாத்ரீகரை ஏற்றிப் படமெடுப்பது வழக்கம். வெள்ளைக் கழுதை கறுப்பு-வெள்ளைப் படத்தில் சரியாக விழவில்லை. ஆகவே வரிக்குதிரைபோல் கறுப்புக் கோடு தீட்டிவிட்டார்கள்! வந்தவருக்குப் பெரிய மெக்ஸிகோத் தொப்பி. கழுதைக்காரர் படத்தின் ஓரத்தில்.

ஊருக்கு அப்பால், பஸிபிக் சமுத்திரக் கரையில், எல்லையின் கடைசித் தூண் நிற்கிறது. 1890-களில் மறு அளவை செய்த அதிகாரிகள் எல் பாஸோவிலிருந்து இது வரை தூண்களுக்கு எண் இட்டு, ஒவ்வொன்றையும் போட்டோப் பிடித்து வைத்தனர். இதற்கு எண் 258. 1851-ல் நாட்டிய இந்தச் சலவைக் கல்லை, பார்க்க வந்தவர்கள் ஞாபகார்த்தமாகத் துண்டு துண்டாகப் பெயர்த்துக் கொண்டு போயினர். 1894-ல் கல்லைப் புதிதாகச் செதுக்கிச் சீர்செய்து, அவர்கள் கைக்கு எட்டாதபடி சுற்றிலும் ஓர் இரும்பு வேலி போட்டார்கள்.