கோட்டம்

சைக்கிள் களவு போய்விட்டால் அதைச் சொல்லி அழுவதற்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போகலாம், மனு எழுதலாம். தெருவில் நாலு பேர் நின்று "எப்பப் போச்சு, பூட்டியிருந்துச்சா?" என்று கேட்பார்கள். 1948-ல் வந்த டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படம் பார்த்து உலகம் முழுக்கக் கலங்கியிருக்கிறார்கள். ஆனால் சைக்கிள் இருக்கிறது, கூடைதான் நசுங்கியிருக்கிறது என்றால்? ஒரு முழ நீளத்துக்கு பெயின்ட் உரிந்திருக்கிறது, முன்சக்கரம் லேசாக ஆடுகிறது, பெல்லோட மூடியைக் காணோம் என்றால்? அதற்கு மனுவும் கிடையாது, துக்கம் விசாரிக்க வருகிறவர்களும் கிடையாது. "இதுக்குப் போயா?" என்பார்கள்.

பொங்கல் முடிந்த வாரத்தில் அந்த "இதுக்குப் போயா"வை நான் நிறையக் கேட்டேன்.

சென்னையில் நான் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடியின் தரைத்தளத்தில், தண்ணி மோட்டார் ரூமை ஒட்டிய தூணோரம்தான் ஆறு வருஷமாக என் சைக்கிளின் இடம். வீட்டு ஓனரிடம் கேட்டு, அவர் சங்கத்தில் சொல்லி, முறையாக வாங்கின இடம். ஊருக்குப் போகும்போது பூட்டி, பழைய பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டுப் போயிருந்தேன். ஆறு நாள் கழித்து வந்து பார்த்தால், பெட்ஷீட் அழகாக மடிக்கப்பட்டு மோட்டார் ரூம் படியில் இருக்கிறது. சைக்கிளை யாரோ தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பின்சக்கரத்து வளையப் பூட்டு பூட்டினபடியே இருந்தது.

கூடை இடது பக்கம் உள்ளே அமுங்கியிருந்தது. ஹாண்டில்பார் நேராக இருந்தால் முன்சக்கரம் நேராக இல்லை. இடது பிரேக் கட்டை ரிம்மை உரசியது. ஃப்ரேமில் கருநீலம் போய் இரும்பு பளபளத்தது. அந்தக் கீறலின் ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கீறல் இருந்த உயரத்தை என் முழங்காலோடு வைத்துப் பார்த்தேன். பிறகு எதிரில் நின்ற காரின் பம்பரோடு வைத்துப் பார்த்தேன். கண்டுபிடிக்கப் பெரிய மூளை ஒன்றும் தேவையில்லை. ரிவர்ஸ் எடுத்த ஏதோ ஒரு கார். எங்கள் பார்க்கிங்கில் பதினான்கு கார்கள் நிற்கின்றன, அதில் ஒன்பது வெள்ளை.

என்னைத் தொந்தரவு செய்தது இடி அல்ல, அந்த மடித்த பெட்ஷீட். இடித்தவர் பதறி ஓடவில்லை. இறங்கி, சைக்கிளைத் தூக்கி, சாய்த்து வைத்து, பெட்ஷீட்டை நாலாக மடித்து வைக்கிற அளவுக்கு நிதானமாக இருந்திருக்கிறார். "ஸாரி, பட்டுடுச்சு" என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிச் செருகுவதற்கு அதைவிட நேரம் ஆகியிருக்காது.

சங்கச் செயலாளரிடம் போய் சிசிடிவி பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர், கோபமாகப் பேசுகிறவர் இல்லை. "காருன்னா பாக்கலாம்மா. சைக்கிளுக்குப் போய் ஆறு நாள் ஃபுட்டேஜ் ஓட்டிப் பாத்துட்டு இருக்க முடியுமா?" என்றார். வாட்ஸப் குழுவில் படம் போட்டேன். ஒருவர் சோகப் பொம்மை போட்டார். இன்னொருவர், பழைய இரும்புக்குப் போட்டால் முந்நூறு ரூபாய் தேறும், மேலே கொஞ்சம் போட்டுப் புதுசு வாங்கிக்கலாம் என்று யோசனை சொன்னார். கிண்டலாகச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னார்.

இரும்பாக அது என்ன விலை போகும் என்று எனக்கும் தெரியும். அது விலைக்கு வந்த சைக்கிளே இல்லை. 2011-ல் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்த திட்டம். பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக ஒரே நிறத்தில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. வாங்கின அன்றைக்கே எல்லாரும் அதைத் தள்ளிக்கொண்டு நேராகப் போனது சைக்கிள் கடைக்குத்தான். நட்டு போல்ட்டெல்லாம் லூசாக இருக்கும், முடுக்காமல் ஓட்ட முடியாது. சில வீடுகளில் மறு வாரமே விற்றுவிட்டார்கள். எங்கள் வீட்டில் விற்கவில்லை. பள்ளிக்கூடம் ஏழு கிலோமீட்டர். காலையில் ஒரு பஸ், அதை விட்டால் மத்தியானம்தான்.

சைக்கிள் என்ன செய்யும் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. 2006-ல் பீகாரில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 சதவீதம் கூடியிருந்தது, ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். படித்தபோது சிரிப்புதான் வந்தது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அங்கே சைக்கிளுக்கு இன்னொரு வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், எழுத்துக் கற்றுக்கொடுத்ததோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். குவாரியில் கல்லுடைத்த பெண்கள், கூலிக்குப் போன பெண்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் கற்றுக்கொண்டார்கள். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினவர்கள் உண்டு. பார் இருந்தால் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பினவர்களும் உண்டு. அம்மா கற்றுக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான், கண்மாய்க் கரையில், மணிக்கணக்கு வாடகை சைக்கிளில். பிறகு அந்தப் பாரில் உட்கார்ந்து போன பிள்ளை நான்.

இதையெல்லாம் வாட்ஸப் குழுவில் எழுத முடியாது. எழுதினாலும் இன்னொரு சோகப் பொம்மைதான் வரும். அதனால் போனில் அம்மாவிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஓடுதாடி?" என்றாள்.

"ஓடும்மா. உரசுது."

"அப்ப கடைக்குத் தள்ளிட்டுப் போ. எதுக்கு அதுக்கிட்ட உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க?"

மறுநாள் சாயங்காலம் செயலாளரே கூப்பிட்டார். விஷயம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. வாட்ச்மேன் அண்ணனுக்கு எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன் இருக்கிறான், லீவில் அப்பாவோடுதான் இருந்தான். "அவன்தான்மா ஏதோ பண்ணியிருப்பான். எல்லாரும் அதான் சொல்றாங்க."

"சைக்கிள் பூட்டியிருந்துச்சு சார். பூட்டின சைக்கிள எப்படி ஓட்டுவான்?"

"ஓட்டலன்னா, தள்ளி விளையாடியிருப்பான். பாருங்க, அந்த ஆளை மாத்தணும்னு ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கு. நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தீங்கன்னா ஈஸியா இருக்கும்."

முதல் நாள் யாருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லாத சைக்கிள், மறுநாள் ஒரு குடும்பத்தை வெளியே அனுப்பும் அளவுக்கு முக்கியமாகிவிட்டது. பதினான்கு கார்களில் ஒன்றைக் கேட்பது கஷ்டம், ஒரு பையனைக் கேட்பது சுலபம். இடிபட்டது என் சைக்கிள் என்பதால் அந்தச் சுலபத்தில் கையெழுத்துப் போடும் உரிமை எனக்குக் கிடைத்திருந்தது.

அன்று ராத்திரி குழுவில் நாலு வரி எழுதினேன். சைக்கிள் பூட்டியிருந்தது, பூட்டு உடையவில்லை. கீறல் பம்பர் உயரத்தில் இருக்கிறது, அதில் வெள்ளைப் பெயின்ட் இருக்கிறது. பிள்ளைகள் யாரும் செய்த வேலை இல்லை. நானே சரி செய்துகொள்கிறேன், இதைப் பற்றி லெட்டர் எதுவும் தரமாட்டேன். கூடவே வெள்ளைப் பெயின்ட் தெரிகிற மாதிரி ஒரு படம். யாரும் பதில் போடவில்லை. நீல டிக் மட்டும் வந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் அண்ணன் அதைப் பற்றி என்னிடம் எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் இன்னும் வேலையில் இருக்கிறார்.

இடித்தவர் யார் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அதோடு போனது. பிறகு நாலைந்து நாள், லிஃப்டில் யாரைப் பார்த்தாலும் கார் நிறம்தான் முதலில் ஞாபகம் வந்தது. முகம் தெரியாத கோபத்தில் உள்ள சிக்கல் இது, எல்லா முகத்துக்கும் பொருந்திவிடும். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன்.

இரண்டு தெரு தள்ளி, ஒரு வேப்பமரத்தடியில் கடை. கடைக்காரர் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டு, கண்ணை ரிம்மில் வைக்காமல் பிரேக் கட்டையில் வைத்தார். "ரிம்ம பாத்தா ஒண்ணும் தெரியாதும்மா. கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல கேப்ப பாரு. எங்க கம்மியாவுதோ அங்க கோட்டம்."

கோட்டம் எடுப்பதை அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். பழைய பெரிய சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி என்பது வழக்கம். என்னுடையதில் 36. அச்சிலிருந்து ஒரு கம்பி இடது பக்கமாகவும் அடுத்தது வலது பக்கமாகவும் ரிம்மைப் பிடித்து இழுக்கின்றன. ரிம் வலது பக்கம் ஒதுங்கியிருந்தால், அந்த இடத்தில் இடது பக்கக் கம்பிகளின் நிப்பிளைக் கால் சுற்று முடுக்கி, வலது பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். சுழற்று, பார், மறுபடி கால் சுற்று. அவசரப்பட்டு ஒரே கம்பியை முடுக்கினால் வேறு இடத்தில் மேடு விழும். சக்கரம் நேராக நிற்பது இரும்பின் பலத்தால் மட்டும் இல்லை, இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக்கொண்டிருப்பதால்தான்.

ஹாண்டிலைச் சரி செய்வது இன்னும் எளிது. முன்சக்கரத்தை இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மேல் போல்ட்டைத் தளர்த்தி, ஹாண்டிலைத் திருப்பி முடுக்கினார். ஃபோர்க்கைக் கையால் தடவிப் பார்த்து, நல்லவேளை வளையவில்லை என்றார். "இரும்புன்றதால பொழச்சுது. அலுமினியமா இருந்தா வளைச்சு நிமித்த முடியாது, விட்டுடும்." இன்றைக்குப் பல புது சைக்கிள்கள் அலுமினியத்தில் வருகின்றன. எடை குறைவு, துருப்பிடிக்காது, ஆனால் ஒரு தடவை வளைந்ததை நிமிர்த்தினால் விரிசல் விட்டுவிடும் என்ற பயம் உண்டு. என் கனமான சைக்கிளைப் பற்றி யாரோ நல்ல வார்த்தை சொன்னது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

கோட்டம் என்ற சொல்லை அவர் சாதாரணமாகச் சொன்னார். வளைவு என்று பொருள், பழைய சொல். நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் தச்சர் பிடிக்கும் நூலையும் நாம் படிக்கும் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். அது மரத்தின் கோட்டத்தைத் தீர்க்கும், இது மனத்தின் கோட்டத்தை. பள்ளியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது அந்தச் சொல் தாளில்தான் இருந்தது. வேப்பமரத்தடியில் கிரீஸ் கையோடு ஒருவர் அதைச் சொல்லிக் கேட்டபோதுதான், அது இன்னும் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் சொல் என்று தெரிந்தது. லிஃப்டில் எனக்கு வந்த கோட்டத்துக்கு எந்தப் பக்கத்து நிப்பிளை முடுக்குவது என்றும் கொஞ்சம் யோசித்தேன்.

கோட்டத்துக்கு 120 ரூபாய், புது பெல்லுக்கு 60. கீறலுக்கு அவரே வழி சொன்னார். விட்டால் மழைக்காலத்தில் அங்கிருந்துதான் துரு உள்ளே போகும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவிட்டு, மேலே பெயின்ட். இத்தனூண்டு இடத்துக்கு ஒரு டப்பா பெயின்ட் வாங்குவானேன், நெயில் பாலிஷே போதும் என்றார். நான் தேடிப் பிடித்த நீலம் ஒரு சாயல் வெளிறித்தான் இருக்கிறது. மூன்று பூச்சுப் பூசினேன். கிட்டப்போய்ப் பார்த்தால் தெரியும், சைக்கிளுக்குக் கிட்டப்போய்ப் பார்க்கிறவள் நான் மட்டும்தான்.

புது பெல் பழையதைவிடச் சத்தமாக, கொஞ்சம் கீச்சென்று அடிக்கிறது. தெருமுனை டீக்கடைக்காரர் முதல் நாள் திரும்பிப் பார்த்தார், இப்போது பார்ப்பதில்லை. சைக்கிள் அதே தூணோரம்தான் நிற்கிறது. வாட்ச்மேன் அண்ணன் எங்கிருந்தோ ஒரு பழைய டயரைக் கொண்டுவந்து அதற்கு முன்னால் போட்டு வைத்திருக்கிறார்.

கூடையை மட்டும் மாற்றவில்லை. கடைக்காரர் சுத்தியலால் தட்டி ஓரளவுக்கு வெளியே கொண்டுவந்தார். அதற்கு மேல் தட்டினால் பற்ற வைத்த இடம் விட்டுவிடும் என்று நிறுத்திக்கொண்டார். இடது பக்கம் டிபன் பாக்ஸ் சரியாக உட்காருவதில்லை, ஸ்பீட் பிரேக்கரில் துள்ளுகிறது. அந்தப் பழைய பெட்ஷீட்டில் ஒரு துண்டு கிழித்து, சுருட்டி, பள்ளத்தில் அண்டக்கொடுத்திருக்கிறேன். இப்போது சாம்பார் சிந்துவதில்லை.