பாட்டிக்கும் ஒரு பனிமலை

எங்கள் வீட்டில் பனிச்சறுக்கு என்ற பேச்சைத் தொடங்கி வைத்தவன் தம்பிதான். 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் போட்டியில் ஜெஃப்ரி வெப், அருவின் சாலேஹுடின் ஆகிய இருவரும் மலேசியாவைப் பிரதிநிதித்து மலைச்சரிவில் சறுக்கினார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாள் முதல் அவனுக்கு அந்த ஆசை. வெயிலும் மழையும் மட்டுமே உள்ள நாட்டிலிருந்து அங்கே ஆள் போக முடிகிறதென்றால் தான் ஏன் கற்றுக்கொள்ளக்கூடாது என்று கேட்டான். வெப் அமெரிக்காவில் வளர்ந்தவர் என்று சொல்லிப் பார்த்தேன். “அதனால்தான் நானும் பனி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்கிறேன், அக்கா” என்றான். அதற்கு மறுமொழி சொல்ல முடியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த பணம் வங்கியில் இருந்தது. வீட்டில் ஐந்து பேர்: அப்பா, அம்மா, பாட்டி, தம்பி, நான். கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணக்குப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தோம். அப்பா துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு வெள்ளியையும் இரண்டு முறை எண்ணிப் பார்ப்பவர். “ஐந்தாம் படிவம் முடிந்ததும் தம்பியின் மேற்படிப்புக்கு என்ன செய்வாய்?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதற்கென்று தனிக் கணக்கு இருப்பதைக் காட்டிய பிறகுதான் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயண நிறுவனத்துக்குப் போனோம். பன்னிரண்டு நாளில் ஏழு நாடுகள் என்று வண்ண அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் ஆல்ப்ஸ் மலைக்கு ஒதுக்கியிருந்த நேரம் அரை நாள். காலையில் கம்பிவட ஊர்தியில் ஏறி, பனியில் நின்று படம் பிடித்துக்கொண்டு, மதிய உணவுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். விலை என்னவோ மலிவுதான். ஆனால், அம்மா அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பன்னிரண்டு நாளில் எட்டு முறை பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டும், பாட்டியால் முடியுமா?” என்றார். நாடுகளை எண்ணிச் சேர்ப்பதைவிட ஒரே ஊரில் ஆறு நாள் தங்குவது என்று அன்றே முடிவு செய்தோம். இப்போதும் அதுவே சரியென்று நினைக்கிறேன். சறுக்கக் கற்பவன் முதல் நாள் விழுந்துகொண்டே இருப்பான். இரண்டாம் நாள் உடம்பு வலிக்கும். மூன்றாம் நாள்தான் நிற்கவும் திரும்பவும் வரும். அரை நாள் பயணத்தில் அவனுக்குக் கிடைப்பது முதல் நாள் மட்டுமே.

பனியில் விடுமுறை கழிப்பது என்பது பழைய வழக்கமன்று. ஆல்ப்ஸ் மலைக் கிராமத்தாருக்குக் குளிர்காலம் கதவடைத்துக் கிடக்கும் காலமாகவே நெடுநாள் இருந்தது. வெளியூரார் கோடையில் வந்து போவார்கள். 1864ஆம் ஆண்டில் செயின்ட் மோரிட்ஸ் ஊரின் விடுதிக்காரர் ஒருவர், குளிர்காலத்திலும் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் செலவு என்னுடையது என்று தம் ஆங்கிலேய விருந்தினர்களிடம் பந்தயம் கட்டியதாக ஒரு கதை வழங்குகிறது. முதல் குளிர்கால ஒலிம்பிக் பிரான்சின் ஷமோனியில் நடந்தது 1924இல்தான்.

எந்த ஊர், எந்த வாரம் என்பதில்தான் திட்டம் நெடுநாள் தடுமாறியது. தம்பியின் ஆண்டிறுதி விடுமுறையோ டிசம்பரில். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஆல்ப்ஸ் ஊர்களில் அறை வாடகை ஏறி நிற்கும். அதற்கு முன்பே போனால் தாழ்வான ஊர்களில் பனி விழுந்திருக்குமா என்பது உறுதியில்லை. இந்தச் சிக்கலை அவிழ்த்தவர், நாங்கள் நேரில் பார்த்தேயிராத ஒருவர்.

பிரிக்பீல்ட்ஸில், ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலுக்கு அம்மா போய் வருவது வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. அங்கே பழக்கமான தோழி ஒருவரின் ஒன்றுவிட்ட தங்கை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வாழ்கிறார். இலங்கையில் 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அந்த நாட்டுக்கு அடைக்கலம் தேடிப் போன தமிழர்கள் பலர். இன்று அங்கே ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். மொழி தெரியாத தொடக்க காலத்தில் அவர்களில் மிகப் பலருக்கு வேலை கொடுத்தவை உணவகச் சமையலறைகளே. இவரும் மலையூர் விடுதி ஒன்றில் பல்லாண்டுகள் சமையலறையில் வேலை செய்தவர். அன்ரி என்று கூப்பிடச் சொன்னார்.

“பிள்ளை, நத்தார் நேரத்தில வராதேங்கோ. வாடகை கண்டபடி ஏறிப் போகும். மாசியும் வேண்டாம்; இங்கத்தைய பிள்ளையளுக்கு அப்பதான் பள்ளிக்கூட விடுமுறை. டிசம்பர் ரெண்டாம் கிழமை வாங்கோ. ஆனா உயரமான மலை இருக்கிற ஊராப் பாத்து எடுங்கோ.”

உயரம் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடினேன். முன்பு டிசம்பரில் ஆயிரம் மீட்டர் உயரத்து ஊர்களிலும் பனியை நம்பிப் போகலாமாம். இப்போது அந்த உயரத்தில் பல நாள் மழைதான் பெய்கிறது. அதனால், சறுக்குத் தளங்கள் பலவற்றில் செயற்கைப் பனி தூவும் பொறிகளை நிறுத்தியிருக்கிறார்கள். நீரை மிக நுண்ணிய துளிகளாக்கிக் காற்றில் பீய்ச்சினால் அது தரையில் விழுமுன் உறைந்துவிடும். ஆனால், காற்றே உறைநிலைக்குக் கீழே போகாவிட்டால் அந்தப் பொறியாலும் ஒன்றும் ஆகாது. சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தங்கள் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. இந்தச் செய்தியைப் படித்த பிறகு, இன்னும் சில ஆண்டு பணம் சேர்த்துவிட்டுப் போகலாம் என்ற பேச்சை அப்பாவும் விட்டுவிட்டார். பாட்டிக்கு இப்போதே 72 வயது.

கடைசியில் எங்கெல்பெர்க் என்ற ஊரைத் தேர்ந்தோம். லூசெர்ன் நகரிலிருந்து இரயிலில் முக்கால் மணி நேரம். 1120ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கிறிஸ்துவ மடம் ஒன்று ஊரின் நடுவில் இன்னும் இருக்கிறது. ஊர் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் ஏறினால் 1,800 மீட்டர் அளவில் துரூப்சே என்ற ஏரி; குளிர்காலத்தில் அது உறைந்து கிடக்கும். அதற்கும் மேலே ஏறினால், தன்னைத்தானே சுற்றிக்கொண்டு உயரும் ஊர்தி 3,020 மீட்டரில் உள்ள டிட்லிஸ் பனியாற்றில் கொண்டுபோய் விடும். அங்குள்ள பனிக்குகை உருகாமலிருக்கக் கோடையில் பனியாற்றின் ஒரு பகுதியை வெள்ளைத் துணியால் போர்த்தி வைக்கிறார்கள் என்று படித்தபோது, மலைக்கே போர்வையா என்று அம்மா வியந்தார்.

நான் அந்த ஊரைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. சறுக்கு விடுமுறை ஒரு குடும்பத்தைப் பிரித்துவிடும் தன்மை உடையது. தெரிந்தவன் மேலே போய்விடுவான். கற்பவன் கீழே நிற்பான். கற்காதவர் விடுதி அறையில் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மலையைத் தேடும்போது அங்கே சறுக்காதவருக்கு என்ன இருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்த்தேன். துரூப்சேயில் தொடக்கநிலையாளர்களுக்கான சரிவு உண்டு. உறைந்த ஏரியை ஒட்டி நடப்பதற்குப் பாதையும் உண்டு. தம்பி விழுவதைப் பாட்டி அருகிலிருந்தே பார்த்துச் சிரிக்கலாம்.

பாட்டியின் உடம்பு தாங்குமா என்பது அடுத்த கவலை. மருத்துவரிடம் அழைத்துப் போய் உயரங்களை எழுதிக் காட்டினேன். துரூப்சேயின் உயரம் ஏறத்தாழ நம் கெந்திங் மலையின் உயரம்தான்; பாட்டி அங்கே பல முறை போயிருக்கிறார். டிட்லிஸ் நிலையமோ, கினபாலு மலையேறுவோர் இரவு தங்கும் லாபான் ராத்தாவைவிடச் சற்றே தாழ்வு. அத்தனை உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் சோதித்துவிட்டு, “முதல் இரண்டு நாள் மேலே ஏறாதீர்கள். பிறகு உச்சியில் ஒரு மணி நேரம் போதும். படியில் விரைந்து ஏறக்கூடாது” என்றார் மருத்துவர். ஐந்தாம் நாளை டிட்லிஸுக்கென்று குறித்துக்கொண்டோம்.

குளிர் இன்னொரு சோதனை. ஷா ஆலாம் ஐ-சிட்டியில், உறைநிலைக்குக் கீழே குளிரூட்டிப் பனிக்கட்டிச் சிற்பங்கள் வைத்திருக்கும் கூடம் ஒன்று உண்டு. கிள்ளானிலிருந்து பக்கம்தான். ஒரு சனிக்கிழமை பாட்டியை அங்கே அழைத்துப் போனோம். கொடுத்த மேலங்கியைச் சேலைமேல் போட்டுக்கொண்டு உள்ளே போனவர், அம்மாவும் நானும் நடுங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகும் வரவில்லை. தேடிப் போனால் பனிக்கட்டிச் சுவரைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்குமேல் பால்மரம் சீவிய கை அது.

“தோட்டத்துல விடியறதுக்கு முன்ன மரம் வெட்டப் போவோம். மழை பேஞ்ச மறுநாளு இதுல பாதிக் குளிரு இருக்கும். அப்ப மேலங்கிக்கு எங்க போறது?” என்றார். வெளியே வந்ததும், “இது பெரிய ஐஸ் பெட்டிதான். வானத்துலேருந்து விழறத நான் பாக்கணும்” என்று சொன்னார். பாட்டி இதுவரை தமக்கென்று கேட்ட ஒன்றாக எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. மறுவாரமே அவருக்கு முதல் கடப்பிதழ் எடுத்தோம். அறுபது வயதைக் கடந்தவர் என்பதால் கட்டணம் பாதி, 100 ரிங்கிட். மலேசியர் 90 நாள் வரை அங்கே தங்க விசா வேண்டியதில்லை.

செலவுக் கணக்கைப் பார்த்தால் மயக்கம் வரும். ஒரு பிராங்கு ஏறத்தாழ ஐந்து ரிங்கிட். உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 25 பிராங்காவது ஆகும். ஆகவே, சமையலறையுள்ள வீட்டை வாடகைக்கு எடுத்தோம்; அரிசிக்கும் பருப்புக்கும் அம்மா பொறுப்பு. சறுக்குச் சீட்டு எல்லாருக்கும் தேவையில்லை. கற்கப் போகிறவர்கள் தம்பியும் நானும் மட்டுமே என்பதால் மற்றவர்களுக்கு ஊர்திச் சீட்டு போதும். நாங்களும் தொடக்கத்திலேயே முழு மலைக்கும் சீட்டு வாங்கவில்லை. அங்கே எளிய சரிவுக்கு நீலம், நடுத்தரத்துக்குச் சிவப்பு, கடினத்துக்குக் கறுப்பு என நிறம் கொடுத்திருக்கிறார்கள். நீலத்தைத் தாண்டாதவனுக்கு உச்சிச் சீட்டு வீண். பருத்தி ஆடை வேண்டாம் என்று அன்ரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வியர்வையில் நனைந்தால் பருத்தி எளிதில் காயாது. உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். கம்பளி உள்ளாடை மட்டும் வாங்கினோம். மேலங்கிகளை உறவினர்களிடம் இரவல் பெற்றோம். பனி வெயிலை அப்படியே திருப்பியடிக்கும் என்பதால் கறுப்புக் கண்ணாடி பாட்டிக்கும் உண்டு. கண்ணாடியில் தம்மைப் பார்த்துவிட்டு அதை வீட்டுக்குள்ளேயே இரண்டு நாள் போட்டுக்கொண்டு திரிந்தார்.

ஒரு செலவில் மட்டும் அப்பா கஞ்சத்தனம் காட்டவில்லை. பயணக் காப்புறுதிப் பத்திரத்தை வரி வரியாகப் படித்தவர் அவர். பல பத்திரங்களில் பனிச்சறுக்கு தனியே விலக்கப்பட்டிருக்கும். கால் முறிந்து ஹெலிகாப்டரில் தூக்கிச் செல்ல நேர்ந்தால் அந்தக் கட்டணம் ஆயிரக்கணக்கான பிராங்காகிவிடும். சறுக்கையும் மலை மீட்பையும் சேர்த்தெடுக்கும் பத்திரம் கிடைக்கும்வரை அவர் விமானச் சீட்டு வாங்க விடவில்லை.

சறுக்குப் பலகைக்கான வாடகைப் படிவம் வந்தது. உயரம், எடை, வயது, காலணி அளவு, அனுபவம் எல்லாம் கேட்டிருந்தார்கள். விழும்போது காலணியைப் பலகையிலிருந்து விடுவிக்கும் பூட்டை இந்த விவரங்களைக் கொண்டே முடுக்குகிறார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் ஓடும்போதே கழன்றுவிடும், கூட்டிச் சொன்னால் விழும்போது கழலாது. நான் என் எடையை எழுதும்போது தம்பி எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

அன்று இரவு, ஐயங்களைக் கேட்க அன்ரியைக் காணொலியில் அழைத்தோம். பாட்டியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, இத்தன வருசமா மலையடியில இருக்கியே, நீ சறுக்குவியா?” என்று கேட்டார்.

அன்ரி சிரித்தார். “இல்லை அம்மா. வேலைக்கு மேல போனனான், விடுமுறைக்கு ஒரு நாளும் போகேல்ல. சமையலறை யன்னலால சறுக்கிறாக்களைப் பாப்பன். அவை வந்து இருக்கிறதுக்குள்ள சூப் கொதிக்க வேணும்.”

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நானும் பாலு எடுத்துக் கொடுத்தேன், அந்தச் சக்கரத்துல ஓடுன காருல ஏறுனது கெழவியான பின்னாடிதான்” என்றார். “நாங்க வர்றப்ப நீயும் வாம்மா. இவங்கல்லாம் விழுந்து எந்திரிக்கிற வரைக்கும் எனக்கும் பேச்சுத் துணை வேணாமா?”

அன்ரிக்கு உடனே பதில் வரவில்லை. “ஓம் அம்மா, வாறன்” என்றார் கடைசியில். அழைப்பைத் துண்டிக்கப் போனபோது என்னைக் கூப்பிட்டார். “பிள்ளை, அந்தத் துவக்க வகுப்பில இன்னும் ஒரு இடம் இருக்குமோ? எனக்கு 58 வயது. எடுப்பினமோ எண்டு ஒருக்கா கேட்டுப் பாருங்கோ.”

மறுநாள் கேட்டேன். வயது தடையில்லை என்றார்கள். வீட்டு வாடகைப் பதிவில் ஐந்து பேர் என்றிருந்ததை ஆறு என்று மாற்றினேன். சறுக்குப் பலகைப் படிவத்தில் தம்பியின் வரிக்குக் கீழே அன்ரியின் வயதையும் எடையையும் நிரப்பினேன். காலணி அளவு, 38.