ஐந்தாம் அட்டை

மைசூரிலுள்ள தமிழ்க் குடும்பங்களுள் கோலார் தங்கவயலிலிருந்து வந்து குடியேறியவையும் உண்டு. நம் குடும்பம் அவற்றுள் ஒன்று. நம் தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஆகையால் 'சுரங்கம்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் சங்கொலியும், இருமலும், மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழமும் நம் நினைவுக்கு வருவது வழக்கம். அந்தச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் கடைசி நாளில் மூடப்பட்டன. இருபதாண்டுகள் கழித்து, நம் தம்பி மகன், "பெரியப்பா, நானும் ஒரு சுரங்கம் வைத்திருக்கிறேன்; வந்து பாருங்கள்" என்று சொன்னபோது நாம் திகைத்ததில் வியப்பொன்றும் இல்லை.

அவனுடைய சுரங்கம் குவெம்பு நகரில், மாடியறையில், ஒரு மேசையின்மேல் இருந்தது. மரச்சட்டத்தில் ஆறு கிராஃபிக்ஸ் அட்டைகள் வரிசையாகத் தொங்கின. கணினியில் படம் காட்டுவதற்கென்று செய்யப்பட்ட அட்டைகள் அவை. ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் இப்போதைய வேலை. எதீரியம் என்னும் மறையீட்டு நாணயத்தின் பேரேட்டில் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை, ஒரு விடுகதைக்கு முதலில் விடை காண்பவருக்குக் கிடைக்கும். எழுதியவருக்குக் கூலியாகப் புது நாணயம் உண்டு. உலகெங்கும் பல இலட்சம் அட்டைகள் இப்போட்டியில் இருந்தமையால், பலர் ஒரு கூட்டாகச் சேர்ந்து உழைத்து, கிடைத்ததை உழைப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்வார்கள். பிட்காயினுக்கு இதற்கெனவே தனி இயந்திரங்கள் முன்னரே வந்துவிட்டன. எதீரியத்துக்கோ அக்காலத்தில் இவ்வட்டைகள் பயன்பட்டன.

இதனை விளையாட்டு என்று ஒதுக்க நம்மால் இயலவில்லை. அப்பையன் விடுதி ஒன்றில் பணியாற்றியவன். 2020-இல் பெருந்தொற்று வந்தது. அவ்வாண்டுத் தசராவும் எளிமையாக நடந்தேறியது. வெளியூரார் வரவின்றி அவன் வேலை போயிற்று. தந்தையில்லாத வீடு. தாயாரின் வளையல்களும் சங்கிலியும் அடகுக்கடைக்குச் சென்றன. அந்தப் பணத்தில், வேற்றூர் வணிகர் ஒருவரிடம் கட்டியமைத்த நிலையிலேயே இவ்வியந்திரத்தை வாங்கியிருந்தான். ஓடினால் வட்டி கட்டலாம். நின்றால் வட்டி நிற்காது. அதுவோ மூன்று மணி நேரம் ஓடும், பிறகு திரை உறைந்து போகும். சில நாள்களில் ஆறு அட்டைகளுள் ஒன்று காணாமற் போனதாகக் கணினி அறிவிக்கும். சில நாள்களில் ஒன்றும் சொல்லாமல் தானே அணைந்து எழும்.

"ஐந்தாவது அட்டை கெட்டுவிட்டது பெரியப்பா. கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு வேறு வாங்கலாமென்று இருக்கிறேன்" என்றான்.

நாம் நாற்பதாண்டுக் காலம் தொழிற்சாலையில் மின்கம்பிகளோடு பழகியவர். கணினியின் உள்ளறிவு நமக்கு இல்லை. ஆனால் விட்டுவிட்டு வரும் பழுதின் குணம் தெரியும். நிலையாகக் கெட்ட பொருள் தன் இடத்தைத் தானே காட்டும். விட்டுவிட்டு வரும் பழுதோ ஊகிக்கச் சொல்லித் தூண்டும். ஊகத்தில் பணம் போகும். அக்காலத்தில் அட்டைகளின் விலை இரட்டிப்புக்கும் மேல் ஏறியிருந்தது. ஆகவே அவனிடம் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கச் சொன்னோம். எந்த நேரம் நின்றது, எத்தனை அட்டைகள் ஓடின, கடைசியாக எதை மாற்றினோம் என்று எழுதிவர வேண்டும்; ஒரு நாளில் ஒரு மாற்றத்துக்கு மேல் கூடாது. வட்டி ஏறிக்கொண்டிருக்கும் இளைஞனுக்கு இஃது எவ்வளவு கசப்பான மருந்து என்பதை நாம் அறிவோம். எனினும் உட்கொண்டான்.

அட்டைகளின் நினைவகத்தை அளவுக்கு மீறி விரட்டும்படி வணிகர் வைத்திருந்த அமைப்பை நீக்கி, ஆலையில் வைத்த அளவுக்கே திருப்பியது முதல் நாள் வேலை. இயந்திரம் நின்றது, ஆனால் மூன்று மணிக்குப் பதில் ஐந்து மணி நேரம் ஓடிய பின். அடுத்து விண்டோஸ் அமைப்பில் மாற்று நினைவகத்துக்கு ஒதுக்கிய இடம் போதாதென்று கண்டு கூட்டினோம். எதீரியக் கணக்குக்கு ஒவ்வோர் அட்டையும் பெரியதொரு தரவுக் கோப்பைத் தன் நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். 2015-இல் ஒரு ஜிகாபைட் அளவில் தொடங்கிய அக்கோப்பு நாளுக்கு நாள் வளர்ந்து, 2020-இன் இறுதியில் நான்கைத் தாண்டி, நான்கு ஜிகாபைட் அட்டைகளையெல்லாம் பயனற்றனவாக்கிவிட்டது. நம் பையனுடையவை எட்டு. கூட்டிய பின் கிளம்புகையில் ஏற்பட்ட தடுமாற்றம் தீர்ந்தது. நடுவில் நிற்பது தீரவில்லை. அக்கம்பக்கத்தார் வோல்டேஜ் குறைவென்றார்கள். சுவரில் அளந்தோம், 228 இருந்தது.

பிறகு அட்டைகளைத் தனித்தனியே அதனதன் இடத்தில் ஒவ்வொரு நாள் ஓட்டினோம். ஆறும் தேறின, ஐந்தாவதும் தேறிற்று! இரண்டு, மூன்று, நான்கு சேர்ந்தும் பழுதின்றி ஓடின. ஐந்தாவதைச் சேர்த்ததும் பழையபடி நின்றது. முதல் இடத்து அட்டையையும் ஐந்தாம் இடத்து அட்டையையும் இடம் மாற்றினோம். அட்டையில் குற்றமிருப்பின் அதனோடு குற்றமும் முதல் இடத்துக்குச் சென்றிருக்க வேண்டும். செல்லவில்லை. ஐந்தாம் இடமே மறுபடி விழுந்தது. விற்க இருந்த அட்டை குற்றமற்றது என்று அன்றிரவே தெளிவாயிற்று.

தாய்ப்பலகையில் ஆறு அட்டைகளையும் நேரே செருக இடமில்லை. ஆதலால் ரைசர் என்னும் சிறு பலகையைத் தனியே வைத்து, அதில் அட்டையை நிறுத்தி, மெல்லிய தந்தியால் தாய்ப்பலகையோடு இணைப்பார்கள். ரைசர்களையும் இடம் மாற்றினோம். குற்றம் அவற்றோடும் செல்லவில்லை. எஞ்சியது ரைசருக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி.

முதல் மூன்று ரைசர்களுக்கும் மின்வழங்கியிலிருந்து ஆறுமுனைக் கம்பிகள் நேரே வந்தன. பின் மூன்றுக்கோ, சாட்டா என்னும் தட்டைச் செருகிகள் மூன்று கோத்த ஒரே சரம். வட்டுகளுக்கு மின்சாரம் தருவதற்கென்று ஏற்பட்ட செருகி அது. பன்னிரண்டு வோல்ட் வழியில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் வரைதான் அது தாங்கும். அட்டை நிற்கும் துளையோ விதிப்படி 75 வாட் வரை கேட்கலாம். எல்லா அட்டைகளும் அவ்வளவு கேட்பதில்லை. ஆயினும் மூன்றின் பசியும் ஒரே சரத்தின் தலைப்பில் வந்து விழுகிறதே! நான்கு அட்டைகள் ஓடியபோது அச்சரத்தில் இருந்தது ஒன்று மட்டுமே. ஐந்தாவது சேர்ந்ததும் இரண்டாயிற்று. மொத்தச் செலவு ஏறக்குறைய 800 வாட். மின்வழங்கியின் ஆற்றல் 1200. மொத்தக் கணக்கில் குறை காணாமற் போனதற்கு இதுவே காரணம். இயந்திரம் ஓடும்போது சரத்தின் கடைசியில் மல்டிமீட்டரை வைத்தோம். 11.4-க்குக் கீழே இறங்கலாகாத அழுத்தம் 11.2 ஆக இருந்தது.

அணைத்துவிட்டுச் செருகியைத் தொட்டுப் பார்த்தோம். விரலைப் பொறுக்கவொட்டாத சூடு. உருவியபோது உட்புறப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு முனை சற்றே உருகியிருந்தது. பையன் ஒன்றும் பேசவில்லை. பலகைச் சுவருக்கு அப்பால்தான் அவன் தாயார் படுப்பது.

நம் தந்தையார் ஒரு செய்தி சொல்வதுண்டு. ஆட்களை இறக்கும் கூண்டின் எஃகு வடத்தைக் கையால் தடவிப் பார்க்கும் வேலைக்காரர் ஒருவர் இருந்தாராம். எஞ்சினைப் பற்றி ஆயிரம் பேர் பேசுவார்களாம். தாம் உள்ளே இறங்குமுன் அந்த மனிதரின் முகத்தைத்தான் பார்ப்பார்களாம். அந்தக் கோலாருக்கு 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி நீரின் மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பிவழிச் சென்றது. நம் ஊருக்கு அண்மையிலுள்ள அருவி தமிழர் உழைத்த சுரங்கத்தை இயக்கியது என்பதில் நமக்கு இன்றும் ஒரு பெருமிதம். பொருளுக்குப் புறம்பாயினும் சொல்லிவைக்கிறோம்.

மறுநாள் சரத்தை வெட்டி எறிந்தோம். அதே மின்வழங்கிக்கு உரிய ஆறுமுனைக் கம்பிகள் வாங்கி, ஒரு கம்பிக்கு இரண்டு ரைசர்களுக்கு மேற்படாமல் இணைத்தோம். வேறு மின்வழங்கியின் கம்பியைப் பொருந்துகிறதே என்று மாட்டிவிடக் கூடாது. செருகி ஒன்றுபோல் இருந்தாலும் உட்கம்பிகளின் வரிசை மாறுபடலாம். ஆகிய செலவு ஓர் அட்டையின் விலையில் சிறு பகுதியும் இல்லை. ஆறும் ஓடின, பதினொரு நாள் நிற்காமல் ஓடின. பன்னிரண்டாம் நாள் நின்றது தெருவில் மின்சாரம் போனதால்.

வருமானமும் வந்தது. மாதத்துக்கு ஏறக்குறைய 576 யூனிட் மின்சாரமும் சென்றது. 2022 ஏப்ரல் முதல் இவ்வகைச் சொத்தின் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வருமானவரி வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 15-இல் எதீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. அட்டைகளுக்கு அங்கே வேலையில்லாமற் போயிற்று. அதற்குள் சங்கிலி மீண்டுவிட்டது. வளையல்கள் மீளவில்லை, ஐந்து அட்டைகளை விற்றும் அவற்றில் ஒன்றைத்தான் மீட்க முடிந்தது.

இப்பொழுது அவன் கணினி பழுதுபார்க்கும் கடையொன்றில் இருக்கிறான். செயற்கை அறிவுப் பயிற்சிக்கென்று பல அட்டைகள் கோத்த இயந்திரங்கள் மறுபடி வரத்தொடங்கியிருக்கின்றன. அவற்றுள் பழைய ரைசர்களும் தலைகாட்டுகின்றன. 2022-இல் வந்த உயர்விலை அட்டைகள் சிலவற்றில் புதுவகைச் செருகியே உருகியதும், அது முழுமையாகச் செருகப்படாமை ஒரு காரணமென்று கண்டதும் அன்பர்கள் அறிந்திருக்கலாம். நம் சங்கத்து வீடுகளில் இத்தகைய இயந்திரம் வைத்திருப்போர், அரைமணி நேரம் ஓட்டி, பின் அணைத்துச் சுவரிலிருந்து பிரித்துவிட்டு, ஒவ்வொரு செருகியையும் விரலால் தொட்டுப் பார்ப்பார்களாக. சாட்டா வழியே ரைசர் இணைத்திருப்பின் அன்றே மாற்றிவிடுக. எந்தக் கம்பி வாங்குவதென்று ஐயமுள்ளோர் ஞாயிறு மாலை சங்கத்துக்கு வந்தால், பையன் அங்கே இருப்பான்.