முழங்காலில் கட்டுப் போட்ட பையனை முதலிலேயே எடுக்கலாமா?

 

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். அதுவும் விளையாட்டைப் பற்றி, அதுவும் அமெரிக்க விளையாட்டைப் பற்றி. "டீச்சருக்கு ரிட்டயர் ஆனதும் பொழுது போகவில்லை" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசிவரை படியுங்கள். உங்களில் ஒருவருக்குச் சொல்ல வேண்டியது கடைசியில் இருக்கிறது.

2025 செப்டம்பரில் டெட்ராய்ட் பக்கம் இருக்கும் என் பேரன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினான். "அம்மாச்சி, ஜேமோவுக்கு இன்னும் மூணு வருஷம் காண்ட்ராக்ட் போட்டுட்டாங்க. நான் அப்பவே சொன்னேன்ல?" சொன்னான்தான். அப்போது அவனுக்குப் பத்து வயது.

2022இல் மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக நான் அங்கே போய் ஆறு மாதம் இருந்தது உறவுகளுக்குத் தெரியும். ஏப்ரல் 28ஆம் தேதி இரவு. மடியில் கைக்குழந்தை. மாப்பிள்ளையும் பேரனும் எட்டு மணிக்கே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். "இன்னிக்கு டிராஃப்ட், அம்மாச்சி" என்றான். எனக்குத் தெரிந்த டிராஃப்ட் பாங்க் டிராஃப்ட்தான். பேரன் பொறுமையாகப் பாடம் எடுத்தான். நல்ல வாத்தியார் அவன்.

அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்து, பெரும்பாலும் கையில்தான். என்எஃப்எல் என்ற தொழில்முறைப் போட்டியில் 32 அணிகள். கல்லூரிகளில் ஆடி முடித்த பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறை வரிசையாகக் கூப்பிட்டு எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் டிராஃப்ட். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், முந்தைய ஆண்டு மோசமாகத் தோற்ற அணிக்குத்தான் முதலில் எடுக்கும் உரிமை. கோப்பை வென்றவர்கள் கடைசி. நம் பள்ளிகளில் முதல் ரேங்க் வாங்கியவனுக்கே முதல் பெஞ்சும் கொடுத்துப் பழகிய எனக்கு இது புதுமையாக இருந்தது.

டெட்ராய்ட் லயன்ஸ் அணி 2021இல் 17 ஆட்டங்களில் மூன்றே மூன்றுதான் வென்றிருந்தது. அதனால் அவர்களுக்கு 2ஆம் இடம். அதில் ஏய்டன் ஹட்சின்சன் என்ற உள்ளூர்ப் பையனை எடுத்தார்கள். வீட்டில் ஒரே கைதட்டல், குழந்தை முழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. அடுத்த முறை 32ஆம் இடத்தில்தான் என்று இருந்தபோது, நடுவில் மினசோட்டா அணியோடு ஒரு கொடுக்கல் வாங்கல். லயன்ஸ் தங்களிடமிருந்த 32, 34, 66 ஆகிய மூன்று இடங்களைக் கொடுத்து, 12ஐயும் 46ஐயும் வாங்கினார்கள். அந்த 12ஆம் இடத்தில் எடுத்தது ஜேமிசன் வில்லியம்ஸ் என்ற பையனை. ஓரத்தில் நின்று, ஆட்டம் தொடங்கியதும் காற்றாகப் பறந்து, தூரத்திலிருந்து எறியும் பந்தைப் பிடிக்கும் 'வைடு ரிசீவர்'.

மாப்பிள்ளை தலையில் கை வைத்தார். "அத்தை, அந்தப் பையனுக்கு முழங்கால் போயிடுச்சு. ஜனவரியிலதான் ஆபரேஷன். மூணு எடத்தக் குடுத்து நொண்டியை வாங்கிருக்கானுங்க."

ஓடுவதற்கென்றே எடுக்கும் பையனுக்கு முழங்கால் போனால் என்ன மிச்சம்? நானும் மாப்பிள்ளை பக்கம் சேர்ந்துகொண்டேன். "காய்கறிக் கடையில கூட அடிபட்ட தக்காளியத் தனியா ஒதுக்கி, விலை குறைச்சுத்தான் குடுப்பான். இவங்க முழு விலைக்கு மேல குடுத்திருக்காங்களே!" என்றேன்.

பேரன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "அம்மாச்சி, நீங்க டீச்சர்தானே? அடிபட்டா நீங்க டீம்ல எடுக்கமாட்டீங்களா?"

நான் குழந்தைக்குப் பால் கலக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் வழக்கை விசாரிப்போம். ஏனென்றால் மாப்பிள்ளை சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

வில்லியம்ஸ் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆடியவன். அதற்கு முன் ஒஹையோ ஸ்டேட்டில் இருந்தான். அங்கே அவனைவிட முந்திய ரிசீவர்கள் இருந்ததால் வாய்ப்புக் கிடைக்காமல் இடம் மாறியவன். மாறிய ஒரே ஆண்டில் 1,572 கஜம், 15 டச்டவுன். 2022 ஜனவரி 10ஆம் தேதி கல்லூரிகளுக்கான தேசிய இறுதிப் போட்டியில், 40 கஜத்துக்கு ஒரு பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது, யாரும் பெரிதாக இடிக்காமலே கால் மடங்கி விழுந்தான். முழங்காலுக்குள் குறுக்கே போகும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்துவிட்டது.

கிழிந்த அந்த நாரைப் பெரும்பாலும் தைத்து ஒட்டவைப்பதில்லை. உடம்பின் வேறு இடத்திலிருந்து ஒரு நாரை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். அது நாற்று மாதிரி. நட்ட மறுநாளே பச்சையாகத் தெரியும், பிடுங்கினால் கையோடு வந்துவிடும். வேர் பிடிக்க மாதங்கள் ஆகும். வீக்கம் வற்றி, வலி போய், "எனக்குச் சரியாகிவிட்டது" என்று பையன் சொல்லும்போது உள்ளே இன்னும் ஆகியிருக்காது. திரும்பி ஆட ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. டிராஃப்ட்டில் எடுத்த பிள்ளைக்கு முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதல் சுற்றில் எடுத்திருந்தால் அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டும் வைத்துக்கொள்ளலாம். சம்பளம் எத்தனையாவதாக எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய நிர்ணயமானது. அதில் முதல் ஆண்டு சிகிச்சையிலேயே போனால் நான்கில் ஒரு பங்கு போச்சு. போதாததற்குக் கொடுத்த மூன்று இடங்களில் மூன்று நல்ல கால்கள் கிடைத்திருக்கும். மாப்பிள்ளையின் வாதம் இதுதான்.

ஆனால் நல்ல கால் என்று எதைச் சொல்வது? மினசோட்டா அணி, தான் வாங்கிக்கொண்ட அதே 32ஆம் இடத்தில் லூயிஸ் சைன் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தது. ஜேமோ விழுந்த அதே இறுதிப் போட்டியில் எதிரணியில் ஆடி, சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று பெயர் வாங்கியவர். முழு ஆரோக்கியம். அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் நடந்த ஆட்டத்தில் அவர் கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு முறிந்தது. அதன் பிறகு அந்த அணியில் அவர் நிலைக்கவே இல்லை. நாங்கள் கைதட்டிக் குழந்தையை எழுப்பினோமே, அந்த ஹட்சின்சனுக்கும் 2024 அக்டோபரில் கால் எலும்பு முறிந்தது. அவர் அடுத்த ஆண்டு திரும்பி வந்துவிட்டார். அடிபட்டவன், அடிபடாதவன் என்று நாம் இரண்டு வரிசை பிரிக்கிறோம். அந்த விளையாட்டில் இரண்டாவது வரிசை 'இன்னும் அடிபடாதவன்', அவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு கண்ணை மூடி எடுக்கலாம் என்றும் சொல்லமாட்டேன். அதே அலபாமாவில், ஜேமோவுக்கு ஐந்து வாரம் முன்பு, 2021 டிசம்பரில், ஜான் மெட்சி என்ற இன்னொரு ரிசீவருக்கும் இதே நார் கிழிந்தது. அவரை ஹூஸ்டன் அணி 44ஆம் இடத்தில் எடுத்தது. முழங்கால் தேறி வரும் நேரத்தில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. பாவம், 2022 முழுவதும் சிகிச்சை. 2023இல் திரும்பி வந்து ஆடினாரே, அதற்கே கும்பிட வேண்டும். அதற்கும் முன்னால் மார்கஸ் லாட்டிமோர் என்று ஒருவர், ரிசீவர் இல்லை, பந்தை ஏந்தி ஓடுபவர். முழங்கால் மோசமாகப் போனவரை 2013இல் சான் பிரான்சிஸ்கோ அணி நான்காவது சுற்றில் எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தது. ஒரு ஆட்டம்கூட ஆடாமலே அவர் ஓய்வு பெற்றார். காத்திருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நினைப்பவர்கள் அவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஜேமோ கதை என்ன ஆனது? 2022 டிசம்பர்வரை அவனை இறக்கவே இல்லை. அந்த ஆண்டு முழுவதற்கும் அவன் பிடித்த பந்து ஒன்றே ஒன்று. ஆனால் அந்த ஒன்று 41 கஜ டச்டவுன், அதுவும் அந்த இடத்தை விற்ற மினசோட்டாவுக்கு எதிராகவே! நான் அப்போது ஊருக்குத் திரும்பிவிட்டேன். விடியற்காலையில் பேரன் போனில் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டார்.

அடுத்த ஆண்டு வேறு சோதனை. விதியை மீறிப் பந்தயம் கட்டியதற்காக நான்கு ஆட்டம் தடை. 2024இல் தடைசெய்யப்பட்ட மருந்து விவகாரத்தில் இரண்டு ஆட்டம். எத்தனை மருத்துவர்கள் அந்த முழங்காலை அமுக்கிப் பார்த்திருப்பார்கள்! பிரச்சினை வந்தது முழங்காலில் இல்லை. வகுப்பெடுத்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஆனாலும் அந்த 2024இலேயே அவன் 1,001 கஜம் எடுத்தான், அணி 17க்கு 15 வென்றது. 2025இல் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்.

ஆக, எடுக்கலாமா? என் தீர்ப்பைக் கேட்டால், எடுக்கலாம். ஆனால் அந்தப் பையனின் காலைப் பார்ப்பதற்கு முன்னால் எடுப்பவன் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வருடமே கோப்பை வாங்காவிட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவன் எடுக்கவே கூடாது. அவன் எட்டாவது மாதமே "கொஞ்சம் ஓடிப் பாரேன்" என்று இறக்கிவிடுவான். லயன்ஸ் மூன்று ஆட்டம் மட்டுமே வென்றவர்கள். அந்த ஒரு ஆண்டில் அவர்களுக்கு இழக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, அதனால் காத்திருக்க முடிந்தது. மாப்பிள்ளை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. "அத்தை, ஒண்ணு சரியா வந்ததை வச்சுச் சொல்றீங்க" என்கிறார். அதுவும் சரிதான்.

இப்போது பேரனின் கேள்வி.

1990களின் நடுவில், வைகைக் கரையோரம் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். விளையாட்டு ஆசிரியர் கிடையாது. அதனால் குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தேர்வு செய்வதும் அழைத்துப் போவதும் என் தலையில். எட்டாம் வகுப்பில் ஒரு பையன். 100 மீட்டரில் அவன் ஓடினால் மற்றவர்கள் நடப்பது போல இருக்கும். போட்டிக்கு மூன்று வாரம் முன்பு சைக்கிளிலிருந்து விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. எலும்பு முறிவு இல்லை, சுளுக்குத்தான். ஊர் வைத்தியர் எண்ணெய்க்கட்டுப் போட்டிருந்தார். இரண்டு வாரத்தில் கட்டை அவிழ்த்துவிட்டு நடந்தான். மைதானத்தைச் சுற்றி மெதுவாக ஓடியும் காட்டினான். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பட்டியலில் வேறு பையன் பெயரை எழுதினேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தேன். அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டவர்களிடம், "அவன் கால் நல்லதுக்குத்தான்" என்றேன். அது பொய். அவனை எடுத்துத் தோற்றால் "நொண்டிப் பையனை ஏன் கூட்டிட்டுப் போனீங்க" என்று என்னைக் கேட்பார்கள். நல்ல காலோடு போய்த் தோற்றால் யாரும் கேட்கமாட்டார்கள். என் பயம் அதுதான். காலை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து நீளம் தாண்டுதலுக்கோ, அடுத்த வருடம் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்ததும் அங்கிருந்த விளையாட்டு ஆசிரியரிடமோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை.

போட்டி அன்று காலை ஆறு மணிக்கு வேன் வந்தது. அவன் பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தான். பட்டியலில் இல்லை என்று தெரிந்தும் வந்திருந்தான். காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ, கையில் தூக்குவாளி. யாராவது ஒருவன் வராமல் போனால் தன்னை ஏற்றிக்கொள்வேன் என்று நினைத்திருப்பான். எல்லோரும் வந்துவிட்டார்கள். வேன் கிளம்பியது. நான் முன் சீட்டில் உட்கார்ந்து வருகைப் பதிவைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

டெட்ராய்டில் பால் கலக்கப் போனவள் அடுப்படியில் நெடுநேரம் நின்றது இதனால்தான்.

அவர் இப்போது என் முகநூல் நட்பில் இருக்கிறார். நான் எது போட்டாலும் ஒரு லைக் போடுவார், கருத்து எழுதமாட்டார். பேரனின் செய்தி வந்த வாரம் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். தம்பி, உன்னைக் கேட்டுக்கொண்டுதான் பெயர் போடாமல் இதை எழுதுகிறேன். நான் இழுத்து இழுத்துச் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்:

"ஞாபகம் இருக்கு டீச்சர். அந்த ஷூ எங்க சித்தப்பா மகனோடது. ஒரு நாள் இரவல். சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும்னு அன்னிக்குப் பூரா கழட்டாமப் போட்டிருந்தேன்."

அப்புறம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். மகள் ஏழாம் வகுப்பாம், அவளும் ஓடுகிறாளாம். போன மாதம் கணுக்கால் பிசகி, போட்டிக்கு எடுக்கவில்லையாம். "ஸ்கூலுக்குப் போய்க் கேட்டீங்களா?" என்றேன். "இல்ல டீச்சர், நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார்.

அந்தப் பள்ளியில் என் பழைய மாணவி ஒருத்தி ஆசிரியையாக இருக்கிறாள். இந்தப் பதிவை அவளும் படிப்பாள். அம்மா, நாளைக்கு மதியம் உணவு இடைவேளையில் போன் செய்கிறேன், எடு.